சோதித்தவர் எண் நான்கு

அந்தப் பட்டறையில் அவளுக்கு நிதானம் என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. சேர்ந்த முதல் வாரம் கடையின் விற்பனையாள் வந்து, "இன்னும் எவ்வளவு நேரம்மா?" என்று மூன்று முறை கேட்டார். "நாப்பது நிமிஷம் ஆகட்டும்" என்று மூன்று முறையும் ஒரே குரலில் சொன்னாள். நான்காவது முறை அவர் வரவில்லை. பெயர்தான் வந்து ஒட்டிக்கொண்டது.

முன்பக்கம் கடை, பின்பக்கம் அவள் அறை, மாடியில் அலுவலகம். மூடிப்போன விளையாட்டு மையங்களிலிருந்தும் காலி செய்த அலுவலகங்களிலிருந்தும் பழைய கிராபிக்ஸ் கார்டுகள் மூட்டை மூட்டையாக வரும். கணினியில் படத்தை வரைந்து திரைக்குத் தள்ளுகிற அந்தக் கார்டுகளைப் பிரித்து, தூசி தட்டி, சூட்டைக் கடத்துகிற பசை காய்ந்துபோயிருந்தால் வழித்துப் புதுப் பசை தடவி, மூன்று மேஜைகளில் மேஜைக்கு ஒன்றாகப் பொருத்திச் சோதிப்பது அவள் வேலை. சோதனை மென்பொருள் திரையில் ஆயிரக்கணக்கான கண்ணாடிக் கோலிகளைக் கொட்டிக்கொண்டே இருக்கும். கோலிகள் உருள உருளக் கார்டு சூடேறும், ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு மேலே போகும். ஒரு கோலி சதுரமானாலும், எங்கோ ஒரு பச்சைப் புள்ளி மின்னினாலும் கார்டு தேறவில்லை என்று அர்த்தம். முப்பத்தைந்து நிமிடம் சமர்த்தாக ஓடிவிட்டு முப்பத்தாறில் காலை வாரிய கார்டுகளை அவள் பார்த்திருக்கிறாள். அதனால்தான் நாற்பதில் ஒரு நிமிடம்கூடக் குறைக்க மாட்டாள்.

மாலையில் அன்றைய முடிவுகளையெல்லாம் ஒரு பட்டியலாக்கி இன்னொரு சின்ன மென்பொருளிடம் கொடுப்பாள். அது பட்டியலை வரி வரியாக டேட்டாபேஸில் சேர்த்துவிடும். பட்டறையில் அதற்கு ஏத்தி என்று பெயர், பட்டியலை ஏற்றுவதால். அவளுடைய அக்கா கணவர்தான் மாடியில் உட்கார்ந்து அதை எழுதினார். இந்த வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்தவரும் அவரே. ஒவ்வொரு கார்டிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். வாங்கியவர் அதைக் கைபேசியால் படம் பிடித்தால் பதிவு திறக்கும்: எத்தனை நிமிடம் ஓடியது, எவ்வளவு சூடேறியது, எத்தனை பிழை, தேறியதா, சோதித்தவர் எண் என்ன. பின்னால் எப்போதாவது அந்த முடிவு மாறினால் வாங்கியவருக்குத் தானாகவே ஒரு மெசேஜ் போகும். இது அத்தானின் யோசனை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவார்.

அவள் எண் நான்கு. பட்டறையில் சோதனை எண் வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். முந்தைய மூன்று பேரும் வேலையை விட்டுப் போயிருந்தார்கள்.

ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு, கடைப்பக்கம் ஒரு பெண் குரல் உயர்ந்தது.

"இந்த நாலாம் நம்பர் யாரு? எனக்கு அவங்களைப் பார்க்கணும். உங்ககூடப் பேசி எனக்குத் தொண்டை வறண்டு போச்சு."

நிதானம் கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தாள். கவுண்டரில் ஒரு பெண் நின்றிருந்தாள், ஐம்பது வயதிருக்கும். கைத்துண்டில் சுற்றிய ஒரு கார்டைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். விற்பனையாள் பல்லைக் காட்டினார்.

"மேடம், கேம் ஆடினா சூடாகத்தான் செய்யும்னு சொல்றேன், கேட்க மாட்டேங்கிறாங்க."

"என்னைப் பார்த்தா கேம் ஆடுறவ மாதிரியா இருக்கு? நான் வீடு வரையறேன். கட்டப்போற வீட்டை உள்ளே நுழைஞ்சு பார்க்கிற மாதிரி படமாக்கிக் கொடுக்கிறது என் தொழில். நேத்து ஒரு குடும்பத்தை உட்கார வச்சு அவங்க சமையலறையைக் காட்டுறேன். பாதியிலேயே சுவரெல்லாம் பச்சைப் பச்சையாப் புள்ளி விழுந்து, அடுப்பு மேடை கரகரன்னு கிழிஞ்சு போச்சு. அந்தம்மா என் மூஞ்சியைப் பார்க்கிறாங்க. பூமிக்குள்ள போயிடலாமான்னு இருந்துச்சு எனக்கு."

"நான்தான் நாலாம் நம்பர்" என்றாள் நிதானம்.

அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களா? நாப்பது நிமிஷம் சோதிச்சேன், ஒரு பிழை இல்லைன்னு எழுதியிருக்கீங்களே, கண்ணைத் திறந்துகிட்டுத்தான் சோதிச்சீங்களா?"

ஆறு வருடத்தில் யாரும் அவளை இப்படிக் கேட்டதில்லை. காது மடல்கள் சுட்டன. "உள்ளே வாங்க. உங்க கண் முன்னாடியே ஓட்டுறேன்" என்றாள்.

மேஜையில் பொருத்தி ஓட்டினாள். கோலிகள் கொட்டின. ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை, எட்டு நிமிடம் ஒன்றுமில்லை. விற்பனையாள் கதவோரம் நின்று வெற்றிப் புன்னகை புரிந்தார். பதினோராவது நிமிடத்தில் முதல் பச்சைப் புள்ளி. பன்னிரண்டில் கோலிகள் சதுரமாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டன.

"இதைத்தான் நானும் சொன்னேன்" என்றாள் வீடு வரைபவள்.

நிதானம் உறைந்த திரையையே பார்த்தாள். பதினோரு நிமிடத்தில் படுக்கிற கார்டை நாற்பது நிமிடம் பார்த்துவிட்டுத் தேறியது என்று தான் எழுதினாளா? ஸ்டிக்கரை வைத்துப் பதிவைத் திறந்தாள். நாற்பது நிமிடம். அறுபத்திரண்டு டிகிரி. பிழை இல்லை. தேறியது. சோதித்தவர் எண் நான்கு. தேதியைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

அது அவளுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கிய நாள்! கன்னம் பூசணிக்காயாக வீங்கி, வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு வீட்டுப் பாயில் சுருண்டு கிடந்த நாள். அன்றைக்கு அவளால் கஞ்சி குடிக்கவே முடியவில்லை.

அந்தத் தேதியில் ஏறிய பதிவுகள் எல்லாவற்றையும் கேட்டாள். இருநூற்றுப் பதினான்கு வந்தன. பதினொன்று ஆறுக்குத் தொடங்கி பதினொன்று ஒன்பதுக்கு முடிந்திருந்தன. அத்தனையும் நாற்பது நிமிடம், அத்தனையும் அறுபத்திரண்டு டிகிரி, அத்தனையும் எண் நான்கு.

மூன்று மேஜையும் மூச்சுவிடாமல் ஓடினாலும், பிரித்துத் துடைத்துப் பொருத்தும் நேரமும் சேர்ந்து, ஒரு நாளைக்கு அவளால் இருபத்துநான்கு கார்டுக்கு மேல் முடியாது. இருநூற்றுப் பதினான்கு என்பது ஒன்பது நாள் வேலை. அதை யாரோ மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டு அவள் எண்ணைப் போட்டிருக்கிறார்கள்.

விடுப்பு முடிந்து வந்த அன்று அலமாரி துடைத்து வைத்ததுபோல் காலியாக இருந்தது அவளுக்கு நினைவிருந்தது. கார்டுகள் எங்கே என்று கேட்டதற்கு, "அவசரம்னு வேற பட்டறைக்குக் கொடுத்துச் சோதிச்சு வாங்கிட்டோம்" என்றார் முதலாளி. அவளும் நம்பினாள். சரி, பாரம் குறைந்தது என்று மகிழ்ந்துகூடப் போனாள். அதை நினைத்தபோது தன் மேலேயே ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

பக்கத்து அறையில் பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிறவரை எல்லோரும் டேப் என்றே கூப்பிடுவார்கள். அவரைக் கேட்டாள். "அண்ணே, நான் லீவுல இருந்தப்போ அலமாரியில இருந்த கார்டெல்லாம் எங்கேயாவது வெளியே போச்சா?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "வெளியவா? நேரா என் மேஜைக்குத்தாம்மா வந்துச்சு. ஊதித் துடைச்சுப் பெட்டியில போடச் சொன்னாங்க, போட்டேன். உனக்குத் தெரிஞ்சுதான் நடக்குதுன்னு நினைச்சேன்."

வீடு வரைபவளிடம் கைபேசி எண்ணை வாங்கிக்கொண்டாள். "இந்தக் கார்டை நான் சோதிக்கலை. என் நம்பரை யாரோ போட்டிருக்காங்க. யாருன்னு கேட்டுட்டு உங்களுக்குச் சொல்றேன்" என்றாள்.

"யார் போட்டா எனக்கென்னங்க, என் சமையலறை கிழிஞ்சது கிழிஞ்சதுதானே" என்றாள் அவள். ஆனாலும் முதலில் இருந்த சூடு இல்லை. மாற்றுக் கார்டு ஒன்றை நிதானம் அவள் கண் முன்பே நாற்பது நிமிடம் ஓட்டிக் கொடுத்தாள். அதுவரை முக்காலியில் உட்கார்ந்து கோலிகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாள்.

நிதானம் மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். அத்தான் மூன்று திரைகளுக்கு நடுவே உட்கார்ந்து சுண்டல் கொறித்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், என் நம்பர்ல இருநூத்திப் பதினாலு பதிவு ஏறியிருக்கு. நான் பல்லு பிடுங்கின அன்னிக்கு."

கொறிப்பது நின்றது. "அதுவா? அது ஒரு அவசரம்மா. பயிற்சிக் கல்லூரிக்கு நூத்தி நாப்பது கார்டு, மறுநாளே வேணும்னு நின்னாங்க. மிச்சம் கடைக்கு. முதலாளி ஏத்திடுன்னாரு, ஏத்தினேன்."

"சோதிக்காமயா?"

"எல்லாம் நல்ல கார்டுதான். ஒரே இடத்துச் சரக்கு."

"அறுபத்திரண்டு டிகிரி எங்கேயிருந்து வந்துச்சு?"

"நீ எழுதுறதெல்லாம் பெரும்பாலும் அறுபதுலயிருந்து அறுபத்தஞ்சுக்குள்ளதானே இருக்கும். நடுவுல ஒண்ணைப் போட்டேன்."

அவர் அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"என் நம்பரை ஏன் போட்டீங்க?"

"சோதித்தவர்னு ஒரு கட்டம் இருக்கில்ல, அதைக் காலியா விட்டா ஏத்தி ஏத்தாது."

"உங்க நம்பரைப் போடுறதுதானே!"

"எனக்கேதும்மா சோதனை நம்பர்?" என்றார், உண்மையிலேயே புரியாதவராக. பிறகு குரலைத் தாழ்த்தி, "வேத்தாள் நம்பரைப் போட்டா வம்பு. நம்ம குடும்பத்து நம்பர்தானே, நீ ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு போட்டேன்" என்றார்.

"குடும்பத்து நம்பரா? இது என்ன ரேஷன் அட்டையா அத்தான், ஆளுக்கு ஒரு நாள் எடுத்துட்டுப் போறதுக்கு?"

அந்த மாடியில் இருந்த மற்ற நான்கு பேரும் தலையைத் தூக்கினார்கள். நிதானம் கத்தி யாரும் கேட்டதில்லை. அத்தான் முகம் சுருங்கிப்போயிற்று. "கத்தாதே. முதலாளியைப் போய்க் கேளு" என்று திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதலாளி தேனாகப் பேசினார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். "ஆயிரத்துல ஒண்ணு கெட்டுப்போறது சகஜம்மா. அந்தம்மாவுக்கு வேற கொடுத்தாச்சுல்ல? முடிஞ்சுது."

"மிச்சம் இருநூத்திப் பதிமூணு சார்?"

"வந்தா பார்த்துக்கலாம்."

"வரும்போது என்னைத்தானே சார் கேட்பாங்க, கண்ணைத் திறந்துகிட்டுச் சோதிச்சியான்னு?"

"உன் நம்பர் இருக்கிறதுதான் உனக்குப் பிரச்சினையா? அதை எடுத்துடச் சொல்றேன். இதுக்குப் போயா இவ்வளவு? உன் கைராசியைப் பத்தி நான் எல்லார்கிட்டேயும் பெருமையாச் சொல்றவன். உங்க அத்தான் முகத்துக்காக உன்னை எடுத்தேன், அதையும் கொஞ்சம் நினைச்சுப் பாரு."

அவள் தண்ணீரைத் தொடாமல் எழுந்து வந்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அக்காவின் அழைப்பு வந்துவிட்டது. அவளும் அம்மாவும் மட்டும் இருக்கிற இரண்டு அறை வீடு அது. அம்மா துணி மடித்துக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டாள்.

"நாலு பேர் பார்க்கிற மாதிரி அவரைக் கேள்வி கேட்டியாமே? சோறுகூடச் சாப்பிடாம உட்கார்ந்திருக்காரு மனுஷன்" என்றாள் அக்கா.

"அக்கா, அவரு என் பேர்ல பொய் எழுதியிருக்காரு."

"பேர் எங்கடி எழுதினாரு? ஒரு நம்பர். நாலுன்னு. அதுக்குப் போய் இப்படி ஆடுறியே."

"பட்டறையில நான்தான்கா அந்த நாலு."

"வேலை வாங்கிக் கொடுத்தவர்கிட்ட இப்படித்தான் நடந்துக்கிறதா? கொஞ்சம் விட்டுக் கொடுத்துப் போனா என்ன குறைஞ்சு போயிடுவே?"

அழைப்பு முடிந்ததும் அம்மாவிடம் முழுவதையும் சொன்னாள். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அடப்பாவிகளா, பல்லு பிடுங்கின அன்னிக்குக்கூட உன்னை வேலை வாங்கியிருக்காங்களே" என்றாள். அவ்வளவு எரிச்சலிலும் நிதானத்துக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் தூங்கும்வரை அக்கா சொன்ன அந்த 'ஒரு நம்பர்' முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை வந்ததும் பதிவுகளைத் திறந்து பார்த்தாள். முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். இருநூற்றுப் பதினான்கிலும் எண் நான்கு போயிருந்தது. அந்த இடத்தில் எண் ஒன்பது இருந்தது.

பட்டறையில் ஒன்பது என்று யாருமே கிடையாது. ஐந்தே இன்னும் பிறக்கவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அந்த ஒன்பதையே பார்த்தாள். என் எண் போய்விட்டது, இனி யாரும் என்னைத் திட்ட மாட்டார்கள், நிம்மதியாக இருக்கலாம் என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். நிம்மதி வரவில்லை. கார்டுகளைச் சோதிப்பதைவிட, சோதிக்க ஒரு ஆளையே புதிதாகப் பெற்றெடுப்பது இவர்களுக்கு எளிதாக இருந்திருக்கிறது. கல்லூரியில் நூற்று நாற்பது பிள்ளைகள் அந்தக் கார்டுகள் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். பரீட்சை நடுவில் திரை கிழியும். நீ என்ன செய்தாய் என்று அந்தப் பிள்ளையைத்தான் கேட்பார்கள். கேம் ஆடினாயா என்று கேட்பார்கள்.

அவள் வழக்கமாக மாலையில் செய்கிற வேலையைக் காலையிலேயே செய்தாள். புதுப் பட்டியல் ஒன்று திறந்து இருநூற்றுப் பதினான்கு சீரியல் எண்களையும் வரிசையாகப் போட்டாள். ஓடிய நிமிடம் என்ற இடத்தில் பூஜ்யம். சூடு என்ற இடத்தில் ஒரு கோடு. முடிவு என்ற இடத்தில், சோதிக்கவில்லை. சோதித்தவர், எண் நான்கு. கடைசியாகக் குறிப்பு என்றொரு கட்டம் உண்டு. அதை யாரும் நிரப்புவதில்லை. அதில் எழுதினாள்:

'இந்தக் கார்டு சோதிக்கப்படாமல் விற்கப்பட்டது. முந்தைய பதிவு உண்மையில்லை. கொண்டு வந்தால் உங்கள் முன்னிலையில் சோதித்துத் தருகிறேன்.'

ஒவ்வொரு சீரியல் எண்ணையும் மூன்று முறை சரிபார்த்தாள். அதற்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. பிறகு பட்டியலை ஏத்தியிடம் கொடுத்தாள்.

'214 வரிகள். ஏற்றலாமா?' என்று அது கேட்டது. பொய்யோ மெய்யோ, எல்லாரிடமும் அது கேட்கிற ஒரே கேள்வி அதுதான். ஆம் என்று அழுத்தினாள். மூன்று நிமிடம் ஆயிற்று.

முடிவு மாறிய மெசேஜ் வாங்கியவர்களுக்குப் போய்ச் சேர்ந்து, கடையில் முதல் தொலைபேசி அடித்தபோது அவள் கைகழுவிக்கொண்டிருந்தாள். இரண்டாவது உடனே. பிறகு எது முடிந்து எது தொடங்குகிறது என்று தெரியவில்லை. விற்பனையாள் ஒரு காதில் ஒன்றும் மறு காதில் ஒன்றுமாக வைத்துக்கொண்டு, "இல்லைங்க, அது ஏதோ கம்ப்யூட்டர் தப்பு, இல்லைங்க" என்று மென்று முழுங்கிக்கொண்டிருந்தார்.

முதலாளி முதல் முறையாக அவள் அறைக்குள் வந்தார். பின்னாலேயே அத்தான். முதலாளியின் தேன் எல்லாம் வற்றிப்போயிருந்தது.

"யாரைக் கேட்டு ஏத்தினே?"

"அன்னிக்கு நீங்க யாரைக் கேட்டு ஏத்தினீங்க சார்?"

"இது என் கடை!"

"நம்பர் என்னோடது சார். பொய்க்குப் போட்டப்போ சும்மா இருந்த நம்பர், உண்மைக்குப் போட்டா மட்டும் ஏன் சார் சுடுது?"

முதலாளி அத்தானிடம் திரும்பினார். "அழிங்க. இவ ஏத்தினது அத்தனையும் இப்பவே அழிங்க."

அத்தான் நெற்றியைத் தேய்த்தார். "அழிக்கலாம் சார். ஆனா அழிச்சா முடிவு மறுபடி மாறும்."

"மாறட்டுமே!"

"மாறினா எல்லாருக்கும் இன்னொரு மெசேஜ் போகும் சார். முதல்ல தேறியதுன்னு சொன்னோம், அப்புறம் சோதிக்கலைன்னு சொன்னோம், இப்போ மறுபடி தேறியதுன்னு..."

"அந்த மெசேஜை எவன் வைக்கச் சொன்னான்?"

அந்த யோசனைக்குச் சொந்தக்காரரான அத்தான் சட்டைப் பொத்தானைத் திருகினார். பெட்டி அறையிலிருந்து டேப் இருமுவது கேட்டது. அது இருமல் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"நீ கிளம்பு. நாளையிலிருந்து வரவேண்டாம்" என்றார் முதலாளி.

நிதானம் மூன்று மேஜைகளிலும் ஓடிக்கொண்டிருந்த சோதனைகளைப் பார்த்தாள். "இதுல ஒண்ணுக்கு இன்னும் பதினேழு நிமிஷம் இருக்கு. முடிச்சிட்டுப் போறேன்" என்றாள். முடித்துவிட்டுத்தான் போனாள்.

மறுநாள் அவள் வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பட்டறையில் நடந்தது பிறகு டேப் சொல்லித் தெரிந்தது. காலையிலேயே கவுண்டரில் முப்பது பேர். கல்லூரியிலிருந்து ஒரு வேன் நிறைய அட்டைப்பெட்டி. கூடவே வந்த ஆய்வகப் பொறுப்பாளர் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். "எங்க முன்னிலையில சோதிச்சுத் தர்றதா எழுதியிருக்கீங்களே, சோதிங்க." விற்பனையாள் சோதிக்க உட்கார்ந்தார். முதல் கார்டையே பசை தடவாமல் பொருத்தி, ஆறாவது நிமிடம் புகை நாற்றம் வந்து, பதறிக் கழற்றப்போய் விரலைச் சுட்டுக்கொண்டார். நாலாம் நம்பர் எங்கே, நாலாம் நம்பர் எங்கே என்று கூட்டம் கேட்டதாம்.

மதியம் டேப் வந்து வாசலில் நின்றார். "முதலாளி கூப்பிடுறாரும்மா. கோவத்துல சொன்னதைப் பெரிசா எடுத்துக்காதேன்னாரு."

"அவரு கோவமே வேண்டாம்ணே, என் கோவமே எனக்கு நிறைய இருக்கு" என்றாள் நிதானம். ஆனால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற அந்தப் பொறுப்பாளரையும், குறிப்பில் தான் எழுதிய கடைசி வரியையும் நினைத்தாள். அது அவள் கொடுத்த வாக்கு. கீரையை அம்மாவிடம் தள்ளிவிட்டுக் கிளம்பினாள்.

முதலாளியின் முன் நின்றபடியே பேசினாள். "ஒன்பதாம் நம்பர் இருக்கக்கூடாது சார். ரெண்டாவது, இனிமே கையால பட்டியல் எழுதி ஏத்துற வழி யாருக்குமே இருக்கக்கூடாது, எனக்கும் சேர்த்துத்தான். சோதனை ஓடி முடிஞ்சா மட்டும், அந்தச் சோதனையிலிருந்தே பதிவு நேரா ஏறணும். அது தயாராகிற வரைக்கும் நான் ஒரு கார்டையும் தொட மாட்டேன்."

முதலாளி வெளியே கூட்டத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "எல்லாம் செஞ்சு தொலைங்க" என்றார் அத்தானிடம்.

அத்தான் ஒரு பகல் எடுத்துக்கொண்டார். மறுநாள் மாலை நான்கு மணிக்குக் கீழே வந்து, அவளைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்து, "முடிஞ்சுது. பாரு" என்றார்.

அவள் பார்த்தாள். கையால் எழுதிய பொய்ப் பட்டியல் ஒன்றைக் கொடுத்தாள். ஏத்தி மறுத்தது. சோதனையை இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிட்டு ஏற்றப் பார்த்தாள். மறுத்தது. கணினியின் கடிகாரத்தை நாற்பது நிமிடம் முன்னே தள்ளி வைத்துவிட்டு ஏற்றினாள்.

"ஏறிடுச்சு அத்தான்."

"எங்கே?" குனிந்து பார்த்தார். 'நாற்பது நிமிடம், தேறியது' என்று இருந்தது. அவர் முகம் கழுத்து வரை சிவந்தது. மாடிக்குப் போனார். ஐந்தரைக்குத் திரும்ப வந்தார். அவள் கடிகாரத்தை மறுபடி தள்ளினாள். இந்த முறை ஏறவில்லை. இன்னும் நான்கு வழிகளில் ஏமாற்றிப் பார்த்தாள், ஒன்றும் பலிக்கவில்லை.

"இப்போ சரி" என்றாள்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "கடிகாரம்... எனக்குத் தோணவே இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒன்பது நாள் வேலை பதினொரு நாள் ஆயிற்று. கார்டுக்காரர்கள் முறை வைத்து வந்து, அவள் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சிலர் சத்தம் போட்டார்கள், அவள் வாங்கிக்கொண்டாள். இருநூற்றுப் பதினான்கில் நூற்றுத் தொண்ணூற்றெட்டு திரும்பி வந்தன. வீடு வரைபவளின் கார்டையும் சேர்த்து முப்பத்தொன்று தேறவில்லை. அவற்றில் பத்தொன்பது கல்லூரிக்குப் போயிருந்தவை. மிச்சமெல்லாம் நாற்பது நிமிடமும் கோலி குலையாமல் ஓடின.

கடைசிக் கார்டு முடிந்த அன்று முதலாளி கணக்கைக் கேட்டார். கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"பார்த்தியா? நான் அப்பவே சொன்னேனே! நூத்தி அறுபத்தேழு நல்ல கார்டு! பெரும்பாலும் நல்லதுதான். வீணா ஊரைக் கூட்டினே."

நிதானம் பதினொரு நாளாக நின்று நின்று கால் வீங்கியிருந்தாள். "நல்லதுன்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"நீதானே சோதிச்சுச் சொல்றே!"

"ஆமா சார். இப்பத்தான்."

அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. அந்த ஒன்பது நாளை முதலிலேயே கொடுத்திருந்தால் முப்பத்தொரு கார்டை ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்தைத் தலை நிமிர்ந்து விற்றிருக்கலாம் என்று சொல்ல நினைத்தாள். யாரிடம் சொல்வது? மேஜை விளக்குகளை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். வேலையை அவள் விடவில்லை. தவறு செய்தவர்கள் இருக்க, தான் ஏன் போக வேண்டும் என்று பிடிவாதமாகவே இருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வந்தாள், தனியாக. அம்மாவுக்குப் பழம் வாங்கி வந்திருந்தாள். பேச்சு வெயில், முழங்கால் வலி, பக்கத்து வீட்டு நாய் என்று சுற்றிச் சுற்றிப் போயிற்று. கடைசியில் அக்கா ஆரஞ்சை உரித்தபடியே, பெரிய மனது பண்ணுகிறவளைப் போலச் சொன்னாள்.

"அவருக்கு உன் மேல இப்போ கோவமில்லைடி. எல்லாத்தையும் மறந்துட்டாரு. நீயும் பழையபடி வீட்டுக்கு வந்து போ."

நிதானம் எழுந்துவிட்டாள்.

"அவருக்கு என் மேல கோவமில்லையா? நல்லதுக்கா. எனக்கு அவர் மேல இருக்கு. முதலாளிக்குக் கோவம், அத்தானுக்கு வருத்தம், உனக்கு மனக்கஷ்டம்னு எல்லாரும் எங்கிட்ட வந்து சொல்றீங்க. எனக்கு எப்படி இருந்துச்சுன்னு இதுவரைக்கும் ஒருத்தராவது கேட்டீங்களா? முன்னப்பின்ன தெரியாத ஒரு பொம்பளை என்னைப் பார்த்து, கண்ணைத் திறந்துகிட்டுத்தான் சோதிச்சியான்னு கேட்டா. நான் பதில் சொல்ல முடியாம நின்னேன்கா. ஆறு வருஷம் பார்த்துப் பார்த்து வேலை செஞ்சவ, திருடி மாதிரி நின்னேன்."

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்தினாள்.

அக்கா ஆரஞ்சுச் சுளையைக் கையிலேயே வைத்துக்கொண்டு தங்கையைப் பார்த்தாள். எப்போதும்போல ஏதாவது சமாதானம் சொல்வாள் என்று நிதானம் எதிர்பார்த்தாள். அதற்கும் ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தாள். அக்கா கொஞ்சம் நகர்ந்து பாயில் இடம் விட்டாள்.

"உட்காரு. முதல்லயிருந்து சொல்லு. அவர் சொன்னதைத்தான் நான் கேட்டிருக்கேன்."

நிதானம் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பதினொரு மணிக்குக் கடைப்பக்கம் ஒரு குரல் கேட்டதிலிருந்து ஆரம்பித்தாள். ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடிப்பதற்குள் மத்தியானமாகிவிட்டது.